பன்னிரண்டாம் தேதிக் கட்டம்

நம்ப வேண்டாம். நம்பாமல் இருக்க நானும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பன்னிரண்டாம் தேதி, காலை 9.50-க்கு, அலுவலக மாடிப்படியிலேயே விழுந்து இறந்துபோனார். கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலை கேட்டு மனுப்போட மூன்று வருட அவகாசம். மாதம் தவறாமல் போய் நின்றேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு சான்றிதழ் குறைந்தது. அரசாங்கத்தின் கருணை பெரியது. அதன் படிவம் அதைவிடப் பெரியது.

கடைசி நாளும் வந்துவிட்டது. அம்மா தைக்கிற துணியில் மூன்று வயிறு நிறையவில்லை. தங்கையின் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் வேறு போக்கிடம் இல்லை.

மாலை 5.20. கண்காணிப்பாளர் பழைய வருகைப் பதிவேட்டை என் முன் விரித்தார். அப்பாவின் வரிசையில் பன்னிரண்டாம் தேதிக் கட்டம் காலி.

"உங்கப்பா அன்னைக்கு வரலையே தம்பி."

"வந்தாரு சார். இந்தப் படியிலதான் செத்தாரு."

"கையெழுத்துப் போட்டுட்டுல்ல செத்திருக்கணும்? இப்ப சொல்லாம கொள்ளாம வராதவர்னு ஆயிடுது. மனுவ வாங்க முடியாது."

"அம்மாகிட்ட என்ன சார் சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "5.45-க்குப் பூட்டணும். டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

பதிவேட்டை மூடாமல் போனார்.

புரிந்தது. பள்ளியில் மதிப்பெண் அட்டைகளில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுக்கொண்டவன் நான். ஒரே ஒரு தடவைதான் மாட்டினேன். பெயருக்கு அடியில் அவர் இரண்டு கோடு இழுப்பார். நான் ஒன்றோடு நிறுத்திவிட்டேன்.

பேனாவைத் திறந்தேன். 5.38.

மின்சாரம் போனது.

வெளியே மழை இருட்டு. ஜன்னலிலும் வெளிச்சமில்லை. படியில் செருப்புச் சத்தம்... சர்க்... சர்க்... ஒரு காலை இழுத்து நடக்கிற சத்தம்.

அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது.

"சார்...?"

சத்தம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

விரல்களுக்கு நடுவிலிருந்து பேனா உருவப்பட்டது. மெதுவாக...

மேசையில் டக், டக். எழுதும் முன் பேனாவை இரண்டு முறை தட்டுவது அவர் வழக்கம்.

தாளில் கீறல்.

ஒரு கோடு...

இன்னொரு கோடு.

5.41. விளக்கு எரிந்தது. அறையில் யாரும் இல்லை. காலிக் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து. பேனா, மூடி போட்டு, மேசைமேல் இருந்தது.

கண்காணிப்பாளர் வந்து கட்டத்தைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரலில் மை ஒட்டியது.

"ஈரமா இருக்கே."

"மழைக்காலம் சார்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மனுவில் முத்திரை விழுந்தது. 5.44.

ஐந்தாவது மாதம் வேலை வந்தது. அதே அலுவலகம், அப்பாவின் அதே நாற்காலி. அம்மா அழுதாள். தங்கை கல்லூரிக்குத் திரும்பினாள். இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இந்த மாதம் முதல் தேதி, புது வருகைப் பதிவேடு. வழக்கம்போல் பத்து நிமிடம் தாமதமாக ஓடிவந்து திறந்தேன். என் கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது.

என் கையெழுத்து. அச்சு அசலாக. அடியில் மட்டும் இரண்டு கோடு.

நான் கோடே போடுவதில்லை.

அடுத்த கட்டத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்... பன்னிரண்டாம் தேதி வரை. அதற்கப்புறம் எதுவும் இல்லை. கண்காணிப்பாளரிடம் காட்டினேன். "முன்கூட்டியே போடறது குத்தம் தம்பி" என்றார்.

இன்று பத்து. சான்றிதழ்களையெல்லாம் நகலெடுத்து ஒரே உறையில் வைக்கும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

"எதுக்குண்ணா?"

"சும்மா வை."

பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில் கையெழுத்து இருக்கிறது. அவளுக்கு அந்தச் சிக்கல் வராது.