யார் காட்டினாலும் ஸ்டாப்

கடவுள் எனக்கு அழகைக் கொடுக்கவில்லை, தொண்டையைக் கொடுத்தார். அது போதாதென்று நானே காசு போட்டு ஒரு விசில் வாங்கினேன். படப்பையில் ஞாயிறு காலைகளில் கூடும் எங்கள் சாரணர் குழுவுக்கு நான்தான் மாஸ்டர். பையன்களும் பெண்களும் கலந்த கூட்டம். வரிசையில் நிற்க ஒரு ஊதல், கலைய இரண்டு, மாஸ்டர் வந்துவிட்டார் என்று ஊருக்கு அறிவிக்க ஒரு நீண்ட ஊதல். வீட்டில் ஊத முடியாத குறையை மைதானத்தில் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டிசம் உள்ள அந்தப் பத்து வயதுப் பெண் வந்த முதல் நாளும் அப்படித்தான் ஊதினேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினாள். அங்கே அவள் அம்மா ஸ்கூட்டியை ஆஃப் பண்ணாமலே காத்திருந்தார்.

"கராத்தே கிளாஸ், டான்ஸ் கிளாஸ் ரெண்டும் பாத்தாச்சு சார். எல்லாரும் நல்லவங்கதான். 'மத்த பசங்களுக்கு டிஸ்டர்பா கீது'ன்னு தன்மையா சொல்லி அனுப்பிச்சாங்க. நீங்களும் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பழகினப்புறம் சொன்னா அவளால தாங்க முடியாது."

ஒரு ஜோக் அடித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாவட்டப் பேரணி வரைக்கும் பாக்கறேன். சரிப்படலைன்னா நானே கூட்டிக்கினு போயிடறேன்" என்றார்.

குழுவில் எனக்கு உதவியாக இருப்பவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வடக்குப்பட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரகடம் ஃபேக்டரியில் அவன் கிரேன் ஓட்டுகிறான். கீழே நின்று அவனுக்குக் கைசாடை காட்டுவது என் உத்தியோகம். அவனுக்கு அன்றைக்கு என்மேல் கோபம்.

"ஏண்ணே, ஃபேக்டரிக்குள்ள நீங்க தொண்டையவா நம்புதீய? கையத்தான காட்டுதீய? இங்க மட்டும் எதுக்கு இந்த பீப்பீ?"

நியாயமான கேள்வி. மிஷின்கள் ஓடும் இடத்தில் என் தொண்டைக்கு மரியாதையே கிடையாது. அடுத்த ஞாயிறு விசிலைக் கழற்றிவிட்டு, கிரேன் சாடைகளை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தேன். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் 'தூக்கு', எல்லோரும் எழ வேண்டும். கீழே நீட்டிச் சுற்றினால் 'இறக்கு', உட்கார வேண்டும்.

"மாஸ்டர், நாங்க இன்னா இரும்பா?" என்றான் ஒரு வாயாடி.

"இரும்பு சொன்ன பேச்சு கேக்கும்டா."

சாடைகளிலேயே பெரியது ஸ்டாப். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து ஆட்ட வேண்டும். மற்ற சாடைகளை நான் காட்டினால்தான் கிரேன் கேட்கும். ஸ்டாப்பை மட்டும் யார் காட்டினாலும் கேட்டாக வேண்டும். டீ கொண்டுவருபவர் காட்டினாலும் நிற்க வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அதையும் சட்டமாக்கினோம். ஸ்டாப்பைப் பார்த்தவர் தானும் கையை விரிக்க வேண்டும், காட்டியவர் கையை இறக்கும்வரை யாரும் அசையக் கூடாது.

அந்தப் பெண் அதை உடனே பிடித்துக்கொண்டாள். முதல் பலி நான்தான். என் வீரப் பிரதாபம் ஒன்றைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது கையை விரித்தாள். குழுவே விரித்தது. பாதிக் கதையில் வாயை மூடினேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரம் அது.

வாயாடிதான் முதலில் முறுக்கிக்கொண்டான். "மாஸ்டர், அவ சும்மா சும்மா நிறுத்தறா. கேமே போயிடுது."

"சும்மாவா? எப்போல்லாம் நிறுத்தறான்னு நீயே பாத்து சொல்லு."

இரண்டு வாரம் பார்த்தான். தகரக் கதவை யாராவது அடித்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால், அப்புறம் நான் பேசினால். "மூணுமே கரெக்ட்தான் மாஸ்டர்" என்று வந்து நின்றான்.

பேரணி வந்தது. பேண்டு, ஒலிபெருக்கி, மேடையில் சால்வைகள். எங்கள் குழு மேடைக்கு நேராக நடந்து போகும்போது மைக் 'கீ' என்று அலறியது. நடு வரிசையில் அவள் கை விரிந்தது. பக்கத்தில் விரிந்தது, முன்னால் விரிந்தது. சிறப்பு விருந்தினர் மூக்குக்கு முன்னால் குழு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த குழு எங்கள் முதுகில் மோதியது.

"இன்னா சார் இது, நட்ட நடுவுல? போகச் சொல்லுங்க!" ஏற்பாட்டாளர் ஒருவர் ஓடிவந்தார். கேட்டருகே அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்போது "நடங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், கராத்தே மாஸ்டர் வரிசையில் எனக்கும் ஒரு இடம் ரெடி.

நானும் கையை விரித்தேன். காக்கிச் சட்டையில் தொப்பைக்கு நேரான பட்டன் அந்த நேரம் பார்த்துத் தெறித்தது. கையை இறக்கி மூடவும் வழியில்லை.

"யார் நிக்கச் சொன்னது?"

வாயாடி கையை இறக்காமலே சொன்னான்: "எங்க குரூப்புல யார் காட்டினாலும் நிப்போம் சார். அந்த மைக்கை மொதல்ல ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

யாரோ ஆஃப் பண்ணினார்கள். சத்தம் நின்றுவிட்டதா என்று அவள் காது கொடுத்துப் பார்த்தாள். கையை இறக்கினாள். நான் 'போ' என்று சாடை காட்ட, குழு நடந்தது. அணிவகுப்பில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. மோதிய குழுவுக்கும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

முடிந்ததும் அவள் அம்மா வந்தார். சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"மணிமங்கலத்துல ராத்திரி கேம்ப் போடறீங்களாமே. தலைகாணி நாங்க கொண்டாரணுமா?"

"கொண்டாங்க மேடம். ஆனா ஒண்ணு, நான் குறட்டை விடுவேன்."

"அப்ப உங்க டெண்ட்டைத் தள்ளிப் போட்டுக்குங்க சார். அவ மத்த பொண்ணுங்களோடதான் படுப்பா."