பெருமாள் இல்லாத ரிவர்ஸ்

"நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று ஜிபிஎஸ் பெண்மணி அறிவித்தபோது, என் லாரி தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. வலப்பக்கம் செடி. இடப்பக்கம் மூடுபனி, அதற்குக் கீழே பள்ளம் இருந்தாக வேண்டும். முன்னால் பாதை, கூடை சுமந்த ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. லாரியில் கூரைத் தகரமும் சீமெந்தும். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு ப்ளாஸ்க்.

அந்த ப்ளாஸ்க் இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவர் பெருமாள். அவரைப் பற்றிச் சொல்லாமல் கருவிகளைப் பற்றிச் சொல்ல முடியாது. லாரி ஓட்ட வரும் இளையவர்கள் ஜிபிஎஸ், கேமரா போன்ற கருவிகளைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள், அவர்கள் பெருமாள் கதையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. கருவிகள் வாங்கிய கதை

ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு நான் லாரி ஓட்டுகிறேன். முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் சொன்னார்: "மணியம், வண்டிக்கு ஜிபிஎஸ், கேமரா எல்லாம் போடணும். நீங்க புத்தகம் வாசிக்கிற மனுசன், நீங்களே பாத்து எடுங்க."

புத்தகம் வாசிப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை மலைநாட்டில் இன்னும் சாகவில்லை. அதைக் கொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஒரு வாரம் போனில் தேடிப் படித்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

லாரிக்கென்றே செய்த ஜிபிஎஸ்ஸில் வண்டியின் உயரம், நீளம், பாரம் எல்லாம் கொடுக்கலாம். சாதாரண போன் மேப்புக்கு நாம் லாரியா மோட்டார் சைக்கிளா என்ற கவலை கிடையாது. மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். டயகம பக்கம் போனால் சிக்னல் நம்மோடு வராது. சார்ஜர் வாங்கும்போது பன்னிரண்டு வோல்ட், இருபத்து நாலு வோல்ட் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் பாராமல் வாங்கிய முதல் சார்ஜர், இருபத்து நாலு வோல்ட் பற்றரியைச் சந்தித்ததும் ஒரு சிறு புகையாகி மேலே போனது. கண்ணாடியில் ஒட்டும் போன் ஸ்டாண்டை நம்பாதீர்கள். ஹட்டன் காலைக் குளிரில் அது முதல் வளைவிலேயே மடியில் வந்து விழும். திருகி மாட்டுவதையே வாங்குங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று நானா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வழிய ஜிபிஎஸ் சொல்லுது. பின்னால கேமரா பாக்குது. அப்ப பெருமாளு என்ன செய்வாரு?"

"தேத்தண்ணி வாங்கிட்டு வருவாரு நானா."

"அதுக்கு ஒரு ப்ளாஸ்க் எடுத்துக்கங்க. ரெண்டு பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகுதில்லப்பா. கோவிச்சுக்காதீங்க."

பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. டிக்கோயாவில் கடைசியாக வண்டியை விட்டு இறங்கும்போது, சில்லு உருளாமல் கொடுக்கும் அடைக்கட்டையை மட்டும் காலால் தட்டிக் காட்டினார். "இத மறந்துறாதீங்கண்ணே. அதுக்கு பற்றரி வேண்டியதில்ல."

2. ஹரி

பெருமாள் எங்கள் லாரியின் கிளீனர். வண்டியைச் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை. அவருடைய உண்மையான வேலை, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பது. தோட்டத்துப் பாதைகளில் பாதி தூரம் பின்பக்கமாகத்தான் போக வேண்டியிருக்கும். கண்ணாடியில் ஆளைக் காண முடியாது. குரல் மட்டும் வரும். "வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் ஒடிச்சு வரட்டும்... ஹரி."

ஹரி என்றால் சிங்களத்தில் சரி. எங்கள் வண்டியில் அதற்கு "நிறுத்து" என்று அர்த்தம். பெருமாள் என்ற பெயருடையவர், உருவம் காட்டாமல், பின்னாலிருந்து ஹரி ஹரி என்று ஒலிப்பார். "தன் பேரத் தானே ஜெபிக்கிற ஒரே கடவுள் நீதாய்யா" என்பேன். "பக்தனுக்கு பிரேக் சரியா புடிக்கத் தெரியல, நான்தானே ஜெபிக்கணும்" என்பார்.

அவர் போன பிறகு கேபினில் பேச ஆளில்லை. ஜிபிஎஸ் பெண்மணியின் தமிழ் சுத்தமாக இருந்தது. ஆனால் கொட்டகலை என்ற ஊர்ப்பெயரை அவர் உச்சரிப்பதைக் கேட்டு நான் சிரித்தால், கூடச் சிரிக்கமாட்டார். முன்கண்ணாடியில் மாட்டிய டேஷ்கேமின் பதிவை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பாதை ஓடுகிறது, பின்னணியில் ஓர் ஆள் தனியாக விவாதம் செய்துகொண்டு வருகிறார், இரண்டு பக்கத்துக்கும் அவரே பேசுகிறார். குரல் எனக்குத் தெரிந்த குரல். அன்றோடு டேஷ்கேமின் மைக்கை நிறுத்திவிட்டேன்.

3. எந்த மேக்கணக்கு?

இனி அந்த மூடுபனிக்கு வருவோம்.

தகரம் வாங்கியவர் டயகம பக்கத்து ஆள். தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "மேக்கணக்குக்கு வந்துருங்க" என்றிருந்தார். கணக்கு என்றால் எங்கள் ஊரில் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேலே இருப்பது மேக்கணக்கு. பெருமாள் இருந்தால் அவரிடம் அவ்வளவு சொன்னால் போதும். நான் ஜிபிஎஸ்ஸிடம் "மேக்கணக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். அது ஹட்டனில் ஒரு கணக்கியல் வகுப்புக்கு வழி காட்டியது. இந்த வயதில் வேண்டாம் என்று, ஆங்கிலத்தில் 'அப்பர் டிவிஷன்' என்று அடித்து, முதலில் வந்ததைத் தொட்டேன். விளைவை முதல் பத்தியில் படித்தீர்கள்.

ரிவர்ஸ் போட்டேன். கேமராக் கண்ணில் பனி ஏறி, திரை வெள்ளைக் கடதாசியாக இருந்தது. போனில் சிக்னல் இல்லை. ஒரு முழம் பின்னால் போனேன். இடப்பக்கப் பின்சில்லின் கீழ் மண் சரிவது உட்கார்ந்த சீட்டிலேயே தெரிந்தது. நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். "பெருமாளு" என்று வாய் கூப்பிட்டுவிட்டது. "ஜிபிஎஸ் சிக்னல் கிடைக்கவில்லை" என்று பெண்மணி பதில் சொன்னார்.

அப்போது பனிக்குள்ளிருந்து பெண்கள் சிலர் கொழுந்துக் கூடையோடு வந்தார்கள். முன்னால் வந்த அக்கா லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாண்ணே, லாரியும் கொழுந்தெடுக்க வந்துருச்சா?"

"இது மேக்கணக்குதானேக்கா?"

"மேக்கணக்குதான். எந்தத் தோட்டத்து மேக்கணக்குண்ணே ஒங்களுக்கு வேணும்?"

தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மேக்கணக்கு இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மூன்று தலைமுறையாக இந்த மலையில் இருக்கும் குடும்பம் என்னுடையது. ஒரு வாரம் கருவிகளைப் பற்றிப் படித்ததில் அது மறந்துபோயிருந்தது.

அந்த அக்காவே கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். "வாங்க, வாங்க" என்று கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல மரியாதையாக அழைத்தார். நிறுத்தவேண்டிய இடத்தில் மட்டும் "ஐயையோ" என்றார். வாங்கவுக்கும் ஐயையோவுக்கும் இடையில் ஒரு வளைவைக் கடந்து, அகலமான பாதைக்கு வந்து சேர்ந்தேன்.

4. திரும்பிய பிறகு

நடந்ததைக் கேட்ட நானா, "பெருமாள வரச் சொல்லுங்க. வண்டி போனா வாங்கலாம், நீங்க போனா நான் என்ன செய்ய" என்றார்.

உடனே போனில் அழைத்தேன். பெருமாள் அதற்குள் கொழும்பில், ஒரு மாடிக் கட்டடத்தின் கார் பார்க்கில் செக்யூரிட்டியாக இருந்தார்.

"இங்கயும் அதே வேலைதாண்ணே. காருக்கு ஹரி சொல்றேன். தரை சமமா இருக்கு, மழை படாது. முழங்கால் வலி கொறஞ்சிருக்கு. வரச் சொல்றீங்களா?"

முழங்கால் வலியோடு அவர் எத்தனை சரிவுகளில் எனக்காக நின்றார் என்று அப்போதுதான் யோசித்தேன். நானா சொன்னதைச் சொன்னேன். வா என்று நான் சொல்லவில்லை.

அவர் கேட்டது வேறு. "அங்க பனியாண்ணே?"

"பனிதான்."

"பாத்து எடுங்க."

மறுநாள் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "வரட்டும்... வரட்டும்... ஹரி." முடிவில் ஒரு சிரிப்பு. ரிவர்ஸில் அதைப் போடும் அளவுக்கு நான் முட்டாளில்லை. பதிவு செய்த ஹரி எந்தப் பள்ளத்தையும் பார்க்காது. நேரான பாதையில் மட்டும் எப்போதாவது போடுவேன்.

நானா வேறு கிளீனரைத் தேடுகிறார். வருகிறவர்கள் நிலைத்து நிற்பதில்லை. ஆகவே இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நல்ல ஜிபிஎஸ் வாங்குங்கள், ஆனால் எந்த மேக்கணக்கு என்று ஒரு மனிதரைக் கேளுங்கள். கேமராக் கண்ணைத் துடைக்க ஒரு துணி வைத்திருங்கள். ரிவர்ஸ் எடுக்குமுன் அடைக்கட்டை கொடுத்துவிட்டு, இறங்கி, பின்னால் நடந்து போய், எதுவரை போகலாம் என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பின்னால் போய், பள்ளத்தின் ஓரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைக்கிறேன். பெருமாள் நிற்கும் இடத்தில் நின்று, ஆளில்லாத லாரியைப் பார்த்து "வரட்டும்" என்கிறேன். பிறகு நடந்து வந்து, கட்டையை எடுத்துவிட்டு ஏறி, மெதுவாகப் பின்னால் போகிறேன். கல்லில் சில்லு முட்டியதும், ஹரி என்று நானே சொல்லிக்கொண்டு நிறுத்துகிறேன்.