கமலவேணியின் அப்பீல்

மலாக்காவின் காஜா பெராங்கில் கமலவேணி அக்காவை யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷன் சுப்பையனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. புருஷன் வாங்கிப் போட்ட நிலத்தில் முன்னால் பலகை வீடு, பின்னால் கிணறும் மாட்டுக்கொட்டகையும். மூன்று மாடுகளை வைத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் வரை சைக்கிளில் போய்ப் பால் ஊற்றினாள். பெண்பிள்ளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிப்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. "சிரிக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கும் நான்தான் பால் ஊத்தணும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் நடுங்கினாள் என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வக்கீல் அப்துல் சமது அவர்களிடம் கிராணி, அதாவது குமாஸ்தா. அக்காவின் வழக்கை நடத்தியது அவர்தான். சுப்பையனின் தம்பி சேதுபதி, மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்த மறு வருடம், "அந்த நிலம் அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கினது" என்று கிளம்பினான். அத்தனை வருஷம் எங்கே போயிருந்தானோ தெரியாது. மலாக்காக் கோர்ட்டில் அக்கா ஜெயித்தாள். சேதுபதி விடாமல் கோலாலம்பூருக்கு அப்பீல் போட்டான். அங்கே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

அது மெர்டேக்காவுக்குப் பிறகு நான்காவது வருடம். வெள்ளைக்கார நீதிபதிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். காலியாகும் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் எங்கும் பேச்சு. முன்பு நீதிபதிகளைப் பொறுக்கி எடுக்க ஓர் ஆணைக்குழு இருந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பிரதமர் ஆலோசனை சொல்ல, பேரரசர் நியமிப்பார். கோப்பிக் கடையில் ஆளுக்கு ஆள் சட்டம் பேசினார்கள். "இனிமே கட்சிக்கு வேண்டியவன்தான் ஜட்ஜு" என்றான் ஒருவன். "போடா, வெள்ளைக்காரன் மட்டும் உன்னைக் கேட்டா போட்டான்?" என்றான் இன்னொருவன்.

ஒருநாள் காலைப் பேப்பரில் புதிய நீதிபதியின் பெயர் வந்தது. வக்கீல் பொன்னுதுரை. மலாக்காக் கோர்ட்டில் சேதுபதிக்காக வாதாடியவர் அவர்தான்.

அக்கா எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தபோது படித்துக் காட்டினேன்.

"யாரு, சேதுபதிக்கு நின்னாரே, அந்த வக்கீலா?"

"அவரேதான்."

"கோலாலம்பூர்ல மூணு பேரு உக்காருவாங்கன்னு சொன்னீங்களே கிராணியாரே. அந்த மூணுல இவரும் இருப்பாரா?"

பன்னிரண்டு வருடக் கிராணி நான். தெருவில் யாருக்குக் கவர்மெண்டு கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். "இருக்கலாம் அக்கா. ஜட்ஜுன்னு ஆயிட்டா எந்தக் கேஸையும் கேக்கலாம்" என்றேன்.

அவள் பால் படியைக் கீழே வைத்தாள். "ஆத்தாடி! அப்ப என் கேஸு போச்சா?"

"அதுக்கும் மேல லண்டன்ல பிரிவி கவுன்சில்னு ஒரு பெரிய கோர்ட்டு இருக்குக்கா" என்று எடுத்துவிட்டேன்.

"லண்டனா? நான் பக்கத்துல இருக்கிற தம்பின் டவுனைத் தாண்டினதில்லையே கிராணியாரே!"

சமது அவர்கள் ஒரு வழக்குக்காகப் பினாங்கு போயிருந்தார்; வருவதற்குப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளில் அக்கா பாதியாகிவிட்டாள். ஊற்றின வீட்டுக்கே இரண்டாம் தடவை பால் கொண்டு போனாள். கறக்கும்போது எங்கேயோ நினைத்துக்கொண்டு மாட்டிடம் உதை வாங்கினாள். ஒருநாள், "பொன்னுதுரை ஐயாவுக்கு ஒரு மாலையும் நாலு பழமும் கொண்டுபோய் வச்சு, என் நெலமையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "ஐயையோ, லஞ்சம்னு சொல்லி உன்னைத் தூக்கி உள்ளே போட்டுடுவாங்க!" என்று கத்தினேன். அன்றிலிருந்து மாத்தா-மாத்தா என்கிற போலீஸ்காரன் தொப்பியைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சேதுபதி சும்மா இருப்பானா? போன தேர்தலில் ஆளுங்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவன். நாட்டையே அவன்தான் நடத்துவது போலப் பேச்சு. அக்கா வீட்டு வாசலில் நின்று, "அண்ணி, எனக்காகப் பேசினவரு இப்ப மேல உக்காந்திருக்காரு. வீடும் போயி தெருவில நிக்காதீங்க. யோசிச்சுக்கங்க" என்றிருக்கிறான். யோசிக்கத்தான் அவளுக்குத் தூக்கமே இல்லாமல் நேரம் கிடந்ததே.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் இரண்டு பேரும் சமரசம் பேசி முடித்துவிட்டார்கள். கிணறும் கொட்டகையும் இருக்கும் பின்பக்க நிலம் சேதுபதிக்கு, வீடு அக்காவுக்கு. மாசி முடிவதற்குள் அவள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். நிலம் கைக்கு வந்ததும் அவன் அப்பீலை வாபஸ் வாங்க வேண்டும். தட்டில் சூடம் ஏற்றி, அம்மன் முன்னால் இரண்டு பேரும் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மறுநாள் காலை அக்காதான் வந்து சொன்னாள். "தலைக்கு மேல கூரையாச்சும் மிஞ்சிச்சே" என்றாள். மாடு கட்ட இடமில்லாமல் பிழைப்புக்கு என்ன செய்வாள் என்று எனக்கு உறைத்தது. ஆனாலும், "நல்லதாப் போச்சு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சமது வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் மேசையைத் தட்டினார்.

"அறிவிருக்காய்யா உனக்கு? ஒரு பக்கத்துக்கு வக்கீலா நின்னவரு அதே கேஸுக்கு ஜட்ஜா எப்படி உக்காருவாரு? நாம கேக்கவே வேணாம், அவரே ஒதுங்கிக்குவாரு. அதுதானே முறை! கையெழுத்து எதுவும் போட்டாங்களா?"

"இல்லைங்க. சூடம்தான் அணைச்சாங்க."

"சூடம் சட்டத்துல செல்லாது. நாம கேஸை நடத்துவோம். ஓடிப்போய் அந்தம்மாகிட்டச் சொல்லு."

வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். அக்கா கொட்டகையில் பிண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கையைக் கழுவக்கூட மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப, அவரு வரவே மாட்டாரா?"

"வர மாட்டாரு அக்கா. சூடம் கோர்ட்டுல செல்லாது. நீ கவலையை விடு."

பிண்ணாக்கு ஒட்டிய கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கோர்ட்டுல செல்லாது, சரி. அம்மன் முன்னாடி இந்தக் கையை வச்சு அணைச்சேனே. அதை நான் யாருகிட்ட அப்பீல் பண்றது?"

நானும் கெஞ்சினேன், கத்தினேன். சமது தானே வந்து வாசலில் நின்று பேசிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. "வழக்கை நீங்க நடத்துங்கய்யா, வேணாங்கல. நான் சொன்னது சொன்னதுதான்" என்றுவிட்டாள்.

மாசி நடுவில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்த மூன்று பேரில் பொன்னுதுரை இல்லை. ஒரே காலையில் முடித்துவிட்டார்கள். அப்பீல் தள்ளுபடி, முழு நிலமும் கமலவேணிக்கே. சமது கோலாலம்பூரிலிருந்து தந்தி அடித்தார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அழுகையும் ஆத்திரமுமாக ஓடினேன்.

அன்றைக்குத்தான் அவள் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தாள். இரண்டு மாடுகளை, விலைக்கு வாங்கிய புக்கிட் பாரு ஆள் ஏற்கெனவே ரோட்டுக்கு ஓட்டிப் போயிருந்தான். சேதுபதி கிணற்றடியில் நின்றான். நான் தந்தியை உரக்கப் படித்தேன். அவன் முகம் செத்துப் போயிற்று.

"அண்ணி..." என்றான். "தீர்ப்பு உங்க பக்கம் வந்திருச்சு. நீங்க என்ன சொன்னாலும்..."

"தீர்ப்பு உன் பக்கம் வந்திருந்தா, சூடம் அணைச்சோமேன்னு நீ எனக்கு வீட்டை விட்டிருப்பியா தம்பி?"

அவன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெரியும்" என்றாள். "அதுக்காக நானும் அப்படி இருக்க முடியாது. எடுத்துக்க."

மூன்றாவது மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும்.

"கிராணியாரே, அன்னிக்கு நான் கேட்டப்ப, எனக்குத் தெரியாதுக்கான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனாள்.