வெயிலில் பொருந்திய காலர்

இயற்பியலில் பட்டம் வாங்கிய கையோடு திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். வேலை, ஷேடு பார்ப்பது. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் சின்னத் துணித் துண்டோடு, சாயம் போட்டு வந்த துணியை ஒரு பெட்டிக்குள் வைத்து, கடை டியூப் லைட், பகல் வெளிச்சம், மஞ்சள் பல்பு என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் கையெழுத்து. கையெழுத்து விழுந்த பிறகுதான் கட்டிங்.

அந்த நாட்களில் நூலகத்திலிருந்து எடுத்த ஒரு தடித்த புத்தகம் எப்போதும் என் பையில் இருக்கும். ஒளி ஆராய்ச்சியில் முன்னோடியான ஒரு பெண் இயற்பியலாளரின் வாழ்க்கை முன்பாதி, அவர் வெளியிட்ட கட்டுரைகள் பின்பாதி. சமன்பாடுகளைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். வீட்டு வாசலில் பூத்த பூவைக் காலையில் ஒரு தடவை, உச்சிவெயிலில் ஒரு தடவை, விளக்கடியில் ஒரு தடவை பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். எல்லாருக்கும் தெரிகிற பூதான், இவருக்கு மட்டும் எப்படி இத்தனை கேள்வி வந்தது? நிறத்துக்குக் கடைசித் தீர்ப்பு சூரியனுடையது என்ற பொருளில் ஓரிடத்தில் எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து சூரியனே என் பெட்டி.

ஆலிவ் பச்சை டி-சர்ட் ஆர்டர் வந்தது. உடம்புத் துணிக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் சாயம். தனியாகப் பின்னிய காலருக்கு எங்கள் கம்பெனியிலேயே. காலருக்குச் சாயம் போட்டவர் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த மாஸ்டர். பதினோரு மணி வெயிலில் இரண்டையும் தண்ணீர்த் தொட்டி மேல் விரித்துப் பார்த்தேன். அச்சு அசல் ஒரே நிறம். பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள், தைத்து வந்த முதல் சட்டைகளை டியூப் லைட் அடியில் பிரித்தபோது உடம்பு பச்சை, காலர் பழுப்பு. முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

"வெளிய கொண்டுபோயி பாருங்க மொதலாளி, ஒண்ணுபோல இருக்கும்."

"ஏனுங்க, வெயில்ல வெச்சா சட்டை விக்கறாங்க? கடைக்குள்ளாற லைட்டு எரியுமுங்க. நாளைலருந்து நீங்க வர வேண்டாமுங்க."

மாஸ்டர் என்னை ஒரு முறை பார்த்தார். கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும். கீழே இறங்கிப் போனார்.

எனக்கோ, ஏன் இப்படி ஆனது என்ற கேள்வி அரித்தது. மேசையில் கிடந்த சிடியை எடுத்து ஜன்னல் வெயிலில் சாய்த்தேன். சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளி இல்லாமல் ஓடியது. டியூப் லைட்டில் சாய்த்தேன். நிறங்கள் துண்டு துண்டாக, நடுவே இருட்டு. டியூபில் சில நிறங்கள் இல்லவே இல்லை! வேறு வேறு சாயக் கலவைகள் வெயிலில் ஒத்துப்போய், டியூபில் பிரிந்துவிட்டன. துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அந்தத் துள்ளல் அடங்கிய பிறகுதான் மாஸ்டர் நினைவு வந்தது என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

புத்தகத்தை மறுபடி புரட்டினேன். கடைசியில் அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. எந்த விளக்கில் பார்த்தேன் என்று எழுதாமல் விட்டதால் முந்தைய கட்டுரையின் முடிவு செல்லாது என்று அவரே அறிவித்திருந்தார். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் இதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது.

என் கையெழுத்து இருந்த ஃபைலையும் சிடியையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"பெட்டில வெச்சே பாக்கலீங்க. வெயில்ல மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டது நானுங்க. மாஸ்டர் மேல தப்பில்லீங்க."

"ஏங்கண்ணு, அந்தப் பெட்டி என்ன, டிபன் வெக்கறதுக்கா வாங்கிப் போட்டிருக்கறோம்?"

சிடியை நீட்டி விளக்கினேன். அவர் டியூபுக்கும் ஜன்னலுக்குமாக நாலு தடவை நடந்தார். "அட, ஆமாங்க!" கோபம் போகவில்லை, ஆனாலும் சிடியைக் கீழே வைக்கவில்லை. வெளிப்பட்டறைக்குப் போன் போட்டு, என்னென்ன சாயம் கலந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மாஸ்டரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். "நீ ஒரு மாசத்துக்கு எதுலயும் கையெழுத்துப் போடாத கண்ணு."

காலரின் பழைய சாயத்தை எடுத்துவிட்டு, உடம்புக்குப் போட்ட அதே கலவையில் மாஸ்டர் மறுபடி போட்டார். காய்ந்ததும் பெட்டியை அவரே திறந்தார்.

"யம்மா, சூரியன் லீவு. இங்கன வந்து பாருங்க."

டியூபில் சரி. பகல் விளக்கில் சரி. மஞ்சள் பல்பில் எனக்கு ஒரு சந்தேகம். சொல்லலாமா என்று தயங்கினேன்.

"என்னம்மா முழிக்கிய? சொல்லுங்க."

"காலர் ஒரு பொட்டு சிவந்தாப்புல இருக்குதுங்க."

கிட்டக் குனிந்து வெகுநேரம் பார்த்தவர், "ஆமாம்மா" என்று காலரை உருவிக்கொண்டு மறுபடி சாயத் தொட்டிக்கு நடந்தார்.