முருங்கையில் அடித்த ஆணி

எங்கள் நாகர்கோவில் பக்கம் அவள் இசக்கி. திருவனந்தபுரத்தில் அவளே யட்சி. சொல் ஒன்றுதான், வாய்தான் மாறியிருக்கிறது. ஆனால் இசக்கி என்றால் கும்பிடுவார்கள். யட்சி என்றால் ஆணி அடிப்பார்கள்.

கல்யாணமாகி ஸ்ரீவராகத்து வாடகை வீட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சேச்சி யட்சி கதையை மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு எனக்குச் சொன்னாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சாலை பஜார் கடைகளில் பேசிப் பழகிய தமிழ் அவளுடையது.

"வெள்ளை உடுத்து, முடியை விரிச்சுப் போட்டு வழியில நிப்பா, கேட்டோ. வாற ஆம்பளைகிட்ட சுண்ணாம்பு கேப்பா. குடுத்தான்னா தீர்ந்தது. பனை அவன் கண்ணுக்கு மாளிகையாத் தோணும். மேலே கொண்டுபோயி ரத்தம் குடிப்பா. காலைல பனைக்குக் கீழே நகமும் முடியும் மாத்திரம் கெடக்கும்."

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, எந்தக் கடையில சுண்ணாம்பு வெலை கொறவுன்னு சொல்லி அனுப்பிருவாரு சேச்சி" என்றேன். என் கணவர் ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறவர். சேச்சி சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காக்கை பறந்து போனது. எங்கள் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது.

என் முன்னறையில் இசக்கி படம் இருக்கிறது. சிவப்புப் புடவை, கையில் சூலம், இடுப்பில் ஒரு குழந்தை, வாயில் ஒரு குழந்தை. முதல் தடவை பார்த்தபோது சேச்சி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, இது தின்னுதல்லே?" என்றாள். பூனை குட்டியைத் தின்னவா கவ்வுகிறது என்று நான் கேட்டேன். எங்கள் ஊரில் பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் அவளிடம்தான் போவார்கள். கொடுக்கிறவள் அவள். எடுத்தும் போவாள் என்ற பயமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

அவள் ரத்தம் குடிக்க வந்த கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறைமாதக்காரி. நகைக்காகப் புருஷன் அவளைக் காட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் மடியில் தலை வைத்து அவள் தூங்கும்போது கல்லைத் தூக்கித் தலையில் போட்டான். பார்த்தது கள்ளிச்செடி மட்டும். திரும்பி வந்து அவனைக் கொன்றாள். அவள் குடித்த ரத்தத்தைப் பற்றி இரண்டு மொழியிலும் பேசுகிறார்கள். அவன் போட்ட கல்லைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அவனுக்கு எந்த மரத்திலும் ஆணி கிடையாது.

எனக்குப் பிள்ளை இல்லை. இசக்கி தரவில்லை, டாக்டரும் தரவில்லை. அதைச் சொல்லி அழுகிற காலம் போய்விட்டது. சேச்சியின் மகள் என் மடியில் வளர்ந்தாள். தலைவாரி விட்டிருக்கிறேன், பள்ளிக்கூடம் கொண்டு விட்டிருக்கிறேன், காய்ச்சல் வந்தால் கூடவே படுத்திருக்கிறேன். என்னிடம் தமிழ் கற்றாள், என்னைச் சித்தி என்றாள். அவளைக் கொல்லத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சில வருஷமாகியும் பிள்ளை உண்டாகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு.

ஒருநாள் சேச்சி என் அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எடீ, உன் அம்மைகிட்ட என் மோளுக்கு வேண்டி ஒண்ணு சொல்லணும்."

"எந்த அம்மை?"

"அந்தப் படத்தில இருக்காளே, அவ."

"தின்னுறவன்னு சொன்னியளே?"

"அது அன்னைக்கு அறியாம சொன்னது. ஆர்கிட்டயும் சொல்லண்டா. அவ அப்பா அறிஞ்சா என்னை ஓட்டிவிடுவார்."

நான் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, கோயில் மரத்தில் மரத்தொட்டில் கட்டினேன். எனக்காகக் கட்டியபோதுகூட அவ்வளவு அழவில்லை. கொஞ்ச நாளில் உண்டானது. சேச்சி என்னைக் கட்டிப்பிடித்து, "உன் இசக்கி தந்ததாக்கும், வேற ஆருமில்லை" என்றாள். இதை அவள் வாயால் சொன்னாள். அடுக்களையில், சாத்திய கதவுக்குள்.

பிரசவத்துக்கு மகள் தாய் வீடு வந்தாள். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு நான் கிளம்பி நின்றேன். "இப்ப வேண்டா, இன்ஃபெக்ஷன் ஆகும்" என்றாள் சேச்சி. நம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னாள். குழந்தை ஓயாமல் அழுவது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது. பால் குடிக்கவில்லையாம், நிறம் வெளுக்கிறதாம். நான் இசக்கிக்கு விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரம் சேச்சி வந்து சுத்தியல் கேட்டாள். கலண்டர் மாட்ட என்றாள். கொடுத்தேன். "நல்ல நீளமா ஒரு ஆணி இருந்தா தா" என்றாள். டப்பாவில் தேடி அதையும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கீரை பறிக்க மதிலோரம் போனேன். முருங்கை அவர்கள் மண்ணில் நிற்கிறது, கிளை என் பக்கம். அதன் கீரையைத்தான் நாங்கள் இத்தனை வருஷம் தின்றோம். என் அடுக்களை ஜன்னலுக்கு நேராக, அடிமரத்தில் அந்த ஆணி இருந்தது. பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. தலையில் சிவப்பு நூல் சுற்றி, குங்குமம் தடவியிருந்தது. பால் போலப் பிசின் வடிந்திருந்தது.

எனக்கு விளங்க வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. யட்சியைக் காஞ்சிர மரத்தில், அதாவது எட்டி மரத்தில், ஆணி அடித்துத்தான் கட்டுவார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தவளே அவள்தான்.

கூப்பிட்டேன். வந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"இது கலண்டரா?"

"எடீ, நான் சொன்னதல்ல. ஜோசியன் பிரசன்னம் வச்சுப் பார்த்தான். தெக்குப் பக்கம் ரத்த தாகம் உள்ள ஒண்ணு இருக்குன்னான்."

"தெக்குல என் வீடுன்னு அவனுக்கு யாரு சொன்னா? படம் இருக்குன்னு யாரு சொன்னா?"

சேச்சி தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொட்டில் கட்டச் சொன்னது யாருன்னு அவன்கிட்ட சொன்னியா?"

அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளை நீ என்றேன்.

"மெல்லப் பேசு. உள்ளே அவர் இருக்கார்" என்றாள். "உன்மேல ஒரு விரோதமும் இல்லை. பிள்ளை இல்லாத்த வீடு, அதில அந்த மாதிரி ஒரு ரூபம்… கொச்சுக் குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்றாங்க."

"காஞ்சிரம் கெடைக்கலையோ? முருங்கையில அடிச்சிருக்க. ஒரு காத்தடிச்சா மரமே விழும். யாரைக் கட்டப் போற இதுல?"

"இந்தப் பட்டணத்தில காஞ்சிரத்துக்கு எங்கே போக?" என்றாள். கேலியாகக்கூட அல்ல, உண்மையாகவே பதில் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் தேடியிருக்கிறாள்.

இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் சடங்கு. பந்தல் போட்டார்கள். அழைக்க வந்தது சேச்சியின் புருஷன். என்னைப் பார்க்காமல் என் கணவரிடம், "அண்ணன் வரணும்" என்றார். அண்ணன் மட்டும். இவர் போவார் என்று நான் நினைக்கவே இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு போனார். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றினார்.

"அடப்பிரதமன் பாயசம் நல்லா இருந்துச்சு" என்றார்.

"பேச்சை நிறுத்துங்க."

"பக்கத்து வீடுட்டீ. முறிச்சுக்க முடியுமா? அவங்க பயத்துல செய்யறாங்க."

இசக்கியின் புருஷனாவது கல்லைப் போட்டான். இவர் பிரதமன் குடித்துவிட்டு வந்தார்.

அந்தப் பெண் என்னிடம் போனில்கூடப் பேசவில்லை. குழந்தையின் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள், எனக்குத் தெரியாதபடி மறைத்து வைத்தாள். இவர் போனில் பார்த்தேன். எல்லாப் படத்திலும் குழந்தையின் முகத்தில் மஞ்சளாக ஒரு சிரிப்புப் பொம்மையை ஒட்டியிருந்தாள். திருஷ்டிக்காம். ஆணி ஒரு அடையாளம், நூல் ஒரு அடையாளம், இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. எல்லாம் யாருக்கு எதிராக என்று எனக்குத் தெரியும்.

குழந்தை தேறியது. பால் குடித்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், ஆணிக்குப் பெயர் கிடைத்தது.

கொல்லத்துக்குக் கிளம்புகிற நாளில் சேச்சி என் வாசலுக்கு வந்தாள். கார் தெருவில் நின்றது. மகள் குழந்தையோடு காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எடீ, இவ ஒருபாடு கரையறா, ஒரே அழுகை. சித்திகிட்ட காட்டாம போறது பாவம்னு. ஒண்ணே ஒண்ணு. அந்தப் படத்தைச் செவுத்துப் பக்கமா திருப்பி வை. ஒரு நிமிஷம் போதும். கையில தாரேன்."

நான் உள்ளே போனேன். பொய் சொல்ல மாட்டேன், கை படத்துக்குப் போனது. சட்டத்தின் ஒரு ஓரத்தைத் தூக்கியும் விட்டேன். ஒரு நிமிஷம் திருப்பினால் யாருக்கு என்ன போயிற்று? அந்தக் குழந்தையின் தலையை மோந்து பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று இசக்கிக்குத் தெரியும். அவள் கோபிக்க மாட்டாள். ஆனால் திருப்பினால், நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். தின்கிறவள்தான் என்று. அவள் மட்டுமல்ல, நானும்தான் என்று.

விட்டுவிட்டு வெளியே வந்தேன். தெருவுக்குக் கேட்கிற மாதிரியே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"மக்களே, அவ குடுத்துதான் இவன் வந்தான். உங்க அம்மைட்ட கேளு. எனக்கு முன்னால வச்சுக் கேளு. அவ இருக்கிற வீட்டுக்குள்ள வந்து குடுக்கதுன்னா குடு. இல்லைன்னா கொண்டு போ."

அவள் அம்மாவைப் பார்த்தாள். சேச்சி காரின் கதவைப் பார்த்தாள். தொட்டில் விஷயம் மகளுக்கு அதுவரை தெரியாது என்று அந்த முகத்தில் தெரிந்தது. கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் போதும். துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, "போகலாம்மா, லேட் ஆச்சு" என்று மலையாளத்தில் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு இவரிடம் கேட்டேன்.

"நீங்க சடங்கில பார்த்தியளே, குழந்தை யாரு ஜாடை?"

யோசித்தார். "கவனிக்கலட்டீ" என்றார்.