இருதயமேரி டீச்சரின் தடை ஓட்டம்

மேஜைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவருவதற்குள் இருதயமேரி டீச்சரின் கொண்டை அவிழ்ந்துவிடும். அதை அள்ளி முடிந்துகொண்டே அடுத்த தடைக்கு நகர்வார். கோணிக்குள் இரண்டு காலையும் விட்டு நாலு குதி குதிப்பார். வயது நாற்பத்தைந்து, கனத்த சரீரம். கோலியனூர் சாலையில் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தி வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். அவர் அதைக் கவனிப்பதே இல்லை.

"நீங்களே எதுக்கு டீச்சர் தவழணும்?" என்று ஒருமுறை கேட்டேன். நான் அதே பள்ளியில் நாலாம் வகுப்பு வாத்தியார்.

"மேஜைக்குக் கீழ எத்தினி ஆணி துருத்திக்கினு இருக்குதுன்னு நின்னுக்கினு பாத்தா தெரியுமா சார்? புள்ளைங்க மண்டை அங்கதான போவுது" என்றபடி ஒரு கருங்கல்லால் ஆணியை மடக்கி அடித்தார்.

திண்டிவனத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் விழுப்புரம் வருகிறவர். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவர் பொறுப்பு. விளையாட்டு விழாவில் அந்தப் பொடிசுகளுக்கான தடை ஓட்டமும் பதினான்கு வருஷமாக அவர் பொறுப்புதான். ஒரு வருஷம் பூசணிக்காயை உருட்டிக்கொண்டு ஓட வைத்தார். ஒரு வருஷம் அப்பாவின் சட்டையைப் போட்டுக் கழற்ற வைத்தார். இன்னொரு வருஷம் கயிற்றில் தொங்கிய வெல்லத்தைக் கை படாமல் கடிக்க வேண்டும். வேர்க்கடலைக் கோணிகள் வளவனூர் மண்டியிலிருந்து வரும். உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, கழியால் அடித்து, இரண்டு நாள் வெயிலில் போடுவார். "மல்லாட்டைத் தூசி பட்டா புள்ள சொறிஞ்சிக்கினு நிக்கும், எங்க ஓடும்?"

பெரிய வகுப்புகளின் ஓட்டத்தில் யார் முதல் என்று எல்லைக் கயிற்றருகே வாத்தியார்கள் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். டீச்சர் அந்தப் பக்கமே வர மாட்டார். "மொதல்ல வர்ற புள்ள தானா வந்துரும். கடைசில வருது பாருங்க, அது சிரிச்சிக்கினு வரணும். அதுக்குத்தான் நான் மண்டைய ஒடைச்சிக்கறேன்."

1942 வந்தது. விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் சென்னைப் பட்டணத்தில் பாதி ரயிலேறிவிட்டது. விழுப்புரம் ஜங்ஷன் ஆயிற்றே, அடுத்தது இதுதான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் மைதானத்தின் கோடியில் மார்பளவு ஆழத்தில் பதுங்கு குழி வெட்டினார்கள். ஊருக்கு ஓர் அபாயச் சங்கு வந்தது. சங்கு ஊதினால் பிள்ளைகள் குழியில் இறங்கி, வாயில் துணியைக் கடித்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு.

முதல் ஒத்திகையில் பெரிய பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். சின்னதுகள் வீறிட்டு நாலு திசையிலும் ஓடின. இரண்டு பேரைச் சாலையிலிருந்து பிடித்து வந்தோம். அம்சா என்ற பெண் மட்டும் ஓடவே இல்லை. பட்டணத்திலிருந்து வந்த குடும்பம்; ஏழு வயது. கிணற்றடியில் விறைத்துப்போய் நின்றாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பாவாடை நனைந்திருந்தது.

"பிரம்பெடுத்து ரெண்டு போட்டா தானா எறங்குதுங்க" என்றார் தலைமை ஆசிரியர் விருத்தாசலம்.

"அடிச்சி எறக்குனா சங்கோட சேத்துக் குழிக்கும் பயப்படும் சார். எனக்குப் பதினஞ்சி நாள் குடுங்க. இந்த வருஷம் ஓட்டத்த அந்தக் குழியில முடிக்கிறேன்."

அப்படித்தான் செய்தார். மேஜை, கோணி, கயிற்றுக் கட்டில், கடைசியில் குழி. ஓரத்தில் படி வெட்டி, அடியில் வைக்கோல் பரப்பினார். துணியைக் கடித்துக் காதைப் பொத்தி உட்கார்ந்தால்தான் ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு. விசிலுக்குப் பதில் சங்கின் ஓலத்தையே வாயால் ஊதிக் காட்டினார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அம்சா சிரிக்கவில்லை. அவள் உதடு நடுங்குவதை டீச்சர் பார்த்தார்.

"நீ ஓட வேணாம் கண்ணு. நீதான் சங்கு. நாற்காலி மேல நின்னுக்கினு ஊது. எல்லாரும் குழிக்குள்ள போற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

முதல் நாள் பூனைக்குட்டி போல் முனகினாள். பத்தாம் நாள் அவள் ஊதியது என் வகுப்புவரை கேட்டது.

விளையாட்டு விழா ஒரு சனிக்கிழமை மாலை. கயிற்றுக்குப் பின்னால் பெற்றோர் கூட்டம். நாற்பத்திரண்டு குழந்தைகளில் நாற்பத்தொரு பேர் கோட்டில் நிற்க, அம்சா நாற்காலியில் ஏறி மூச்சை இழுத்தாள். அவள் ஊதுவதற்குள் ஊர்ச் சங்கு ஊதியது.

அன்று ஒத்திகை கிடையாது. எதற்காக ஊதியது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டம் சிதறியது. கயிறு அறுந்தது, ஒரு வண்டி மாடு மிரண்டு வேலியை முறித்தது. குழந்தைகளுக்கோ அது விளையாட்டு. நாற்பத்தொன்றும் கூவிக்கொண்டே பாய்ந்து குழியில் குதித்தன. டீச்சரும் நானும் பின்னால் இறங்கினோம். அவர் தலை தலையாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது.

வெறிச்சோடிய மைதானத்தின் மறுகோடியில், நாற்காலி மேல், அம்சா தன்னந்தனியாக நின்று ஊதிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் சார் நிக்கச் சொன்னேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். கிழக்கே வானத்தில் விமான முழக்கம் போல ஏதோ கேட்டது. கூட்ஸ் வண்டி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் கையை உதறிக்கொண்டு மேலே ஏறி ஓடினார். நான் போகவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் அவளைத் தூக்கப் பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். அப்போது டீச்சர் காதில் சொன்னதை அம்சாவே பிறகு எனக்குச் சொன்னாள்: "போதும் கண்ணு. இப்ப நான் சங்கு. நான் ஊதறேன், நீ ஓடு."

சொல்லிவிட்டு ஊத ஆரம்பித்தார். ஊர்ச் சங்கையும் மீறி அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது. அம்சாவின் விரல்கள் விட்டன. இறங்கினாள், ஓடினாள். நேராக ஓடி வந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்த வழி பதினைந்து நாளாகப் பார்த்த வழி ஒன்றுதான். மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். "விட்டுட்டு வா, நேரா வா!" என்று நான் கத்தினேன். அவள் கோணியைத் தேடி எடுத்துக் காலை விட்டாள். விழுந்தாள், எழுந்தாள், குதித்தாள். முழக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் பாவாடை மாட்டிக்கொண்டது. இழுத்தாள். கிழிந்தது. அவள் குழிக்குள் வந்து என் மார்பில் மோதும்வரை, அந்த வெட்ட வெளியில் நின்றபடி டீச்சர் ஊதுவதை நிறுத்தவில்லை.

அம்சா வைக்கோலில் உட்கார்ந்தாள். துணியைக் கடித்தாள். காதைப் பொத்திக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தபோது டீச்சர் நாற்காலியருகே தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிஷம் கழித்து அபாயம் நீங்கியதற்கான சங்கு ஊதியது. ஒன்றும் விழவில்லை. பரிசு மேஜைக்கு அடியிலிருந்து தலைமை ஆசிரியர் வெளியே வந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இன்னொரு வாட்டி, டீச்சர்!" என்று குழந்தைகள் கத்தினார்கள். சாலையிலிருந்து அம்சாவின் தாய் ஜெயம் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். மகளைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க உசுரையே திருப்பிக் குடுத்தீங்கம்மா. மாதா கோயில்ல நான் மெழுகுத்திரி ஏத்தறேன்மா."

ஊதி ஊதி டீச்சருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. ஜெயத்தின் பிடியிலிருந்து கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு, அம்சாவை நிற்கவைத்த நாற்காலியைச் சுட்டிக் காட்டி, அந்தத் தாய் விழித்துப் பார்த்திருக்க, தன் கன்னத்தில் இரண்டு முறை பளீர் பளீரென்று போட்டுக்கொண்டார்.