அம்மாவின் உச்சந்தலைக்கு ஒரு டிஞ்சர்

இடித்த கறிவேப்பிலையும் பிராந்தியும் கலந்த நெடி எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில், மீன்பிடித் தடைக்காலம் முழுவதும், திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் "வூடு" அப்படித்தான் மணந்தது.

விசைப்படகில் வேலை பார்த்த அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். தடைக்காலத்தில் அவருக்குக் கடல் கிடையாது. கையும் சும்மா இருக்காது. அம்மாவுக்கோ ஓய்வே இல்லை. சின்னப் படகுகள் கொண்டுவரும் மீனை வாங்கி, "அன்னக்கூடை" என்கிற அலுமினியக் கூடையில் அடுக்கி, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கி, டோல்கேட் பக்கம் தெருத்தெருவாக விற்பாள். வருஷக்கணக்கில் கூடை சுமந்ததில் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தடைக்காலம் முடிந்ததும் மாமாவுக்குக் கல்யாணம். "பொண்ணு வூட்டுக்காரங்க முன்னால முக்காடு போட்டுகினு நிக்கச் சொல்றியா?" என்று கேட்ட அம்மா, கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

நைனா உடனே வைத்தியராகிவிட்டார். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாவற்றையும் இடித்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, பிராந்தி ஊற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்து நாள் ஊறவைத்தார். எண்ணெயில் இறங்காத சத்தெல்லாம் சாராயத்தில் இறங்கிவிடுமாம். படகில் யாரோ சொன்னது. அதற்கு "டிஞ்சர்" என்று பெயரும் வைத்து, தினமும் எடுத்துக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார்.

முதல் நாள் பூசிக்கொண்டு போன அம்மா பாதி மீனோடு திரும்பி வந்தாள். வாடிக்கைக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா, காலங்காத்தாலேயே ஊத்திக்கினியா?" என்று கேட்டுவிட்டாளாம். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்க்கப்போன அம்மாவை நைனா மறித்தார்.

"நீ வூட்லயே இர்ந்தா யாரு மோந்து பாக்கப் போறா? கூடைய நான் எடுத்துகினு போறேன்."

எங்கள் குப்பத்தில் ஆண் பிடிப்பான், பெண் விற்பாள். மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருவில் கூவுகிற ஆம்பளையை யாரும் பார்த்ததில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் விசிலடித்தார்கள். நைனா கூசவே இல்லை. நானும் கூடவே நடந்தேன். விலை சொல்லத் தெரியாமல் அவர் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார், நான் பெரிய மனுஷி மாதிரி சொல்வேன். அவ்வளவு சந்தோஷமான விடுமுறை எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

ஒரு மாதத்தில் அம்மாவின் உச்சியில் பூனைமுடி கிளம்பியது. கல்யாணத்தில் முக்காடு இல்லாமல், தலைநிறைய மல்லிகையோடு, பெண் வீட்டாருக்கு எதிரிலேயே போய் நின்றாள். டிஞ்சரின் புகழ் பரவி, குப்பத்துக் கூடைக்காரிகள் ஆளுக்கொரு காலி பாட்டிலோடு வாசலில் கூடிவிட்டார்கள். நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மருந்தை அளக்க, அம்மா அவர்களிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "மருந்து கிடக்கட்டும்டி. மொதல்ல கூடைய உன் வூட்டுக்காரன் தலையில ஏத்து."

இப்போது தலைச்சுமையாக மீன் விற்பவர்களைக் காணோம். ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் போய்விடுகிறார்கள். அம்மா கூடையை விடும்வரை, ஒவ்வொரு தடைக்காலத்திலும் நைனாதான் அதைச் சுமந்தார். இன்று அவர் தலையில் முடி இல்லை. கேட்டால், பரம்பரை வழுக்கை என்கிறார். அவருடைய அப்பாவுக்குக் கடைசிவரை தலைகொள்ளாத முடி. அது தெரிந்த அம்மா, ஞாயிறுதோறும் அந்த வழுக்கையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள்.